யோகா, ஓட்டம், வீடு: வகுப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு மொட்டைமாடியில் பதினோரு வருஷமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருப்பவர்கள். ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடுகிறவர்கள், ஷட்டில் கோர்ட்டுக்கு மாதச் சந்தா கட்டியவர்கள், ஞாயிறு விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிறுவாணி ரோட்டில் கிளம்புகிறவர்கள். மீதிப் பாதி, அவர்கள் இழுத்துக்கொண்டு வந்த வீட்டார். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். எனக்கு எதற்கு யோகா?

ஓடும்போது உடம்பு ஒரே திசையில்தான் வேலை செய்கிறது, முன்னால். முதுகெலும்பு அதிகம் திரும்புவதில்லை, இடுப்பு பக்கவாட்டில் அவ்வளவாக விரிவதில்லை. ஓடி முடித்ததும் காரில் உட்கார்ந்து, அப்புறம் ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், ஏற்கெனவே இறுகியிருக்கும் தொடையின் பின்தசையும் இடுப்பின் முன்பக்கமும் இன்னும் இறுகத்தான் செய்யும். ஷட்டில் ஆடுகிறவர்களைச் சட்டையில்லாமல் நிற்கவைத்துப் பார்த்தால் ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருப்பது பல பேரிடம் தெரியும். யோகாவில் நான் அவர்களிடம் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை, அந்த விளையாட்டு விட்டுவைத்த பக்கத்தை அசைத்துக் கொடுப்பதுதான். ஓடுகிறவருக்கு இடுப்பைத் திறப்பது, சைக்கிள்காரருக்கு முதுகை பின்னுக்கு வளைப்பது, ஷட்டில்காரருக்கு இரண்டு தோளையும் சமமாகப் பழக்குவது.

அப்படியென்றால் யோகா மட்டும் செய்தால் போதுமா? நடையை விட்டுவிடலாமா?

போதாது. என் பிழைப்புக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நண்பர்கள் திட்டுவார்கள், இருந்தாலும் உண்மை இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்றும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கிற பயிற்சி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நிதானமாகச் செய்யும் ஆசனங்களில் இதயம் அந்த அளவுக்கு வேகமெடுக்காது. வேகமாகச் செய்கிற சூரிய நமஸ்காரம் வேறு கணக்கு. ஆக, நடையை விடாதீர்கள்.

ஓடுவதற்கு முன்னால் செய்யலாமா, பின்னால் செய்யலாமா?

ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கிற ஆசனங்கள் எல்லாம் ஓடி முடித்த பிறகு. ஓடும் முன் தசையை ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால் அதன் துள்ளல் சற்று நேரத்துக்குக் குறையும் என்பதால், முன்னால் அசைவுள்ளவை மட்டும் போதும். கையைச் சுழற்றுவது, காலை முன்னும் பின்னும் வீசுவது, இரண்டு மூன்று சுற்று சூரிய நமஸ்காரம், அவ்வளவுதான். ஓடி முடித்து வியர்வை அடங்கும் முன், ஐந்து நிமிடம் அதோமுக சுவானாசனம் (கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கி நிற்பது), ஒரு காலைப் பின்னால் நீட்டி இடுப்பை இறக்குவது, சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுப்பது. டிசம்பரில் நடக்கும் கோவை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் அக்டோபரில் வந்து “ஒரு மாசத்துல வளைஞ்சிருமா?” என்று கேட்பார்கள். வளையாது. மேலும் போட்டிக்கு முந்தின வாரம் புது ஆசனம் எதையும் முயலவே கூடாது.

எனக்கு வளையவே வராது. குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிடுகிறது.

முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். காலை நேராக வைத்தே தீருவேன் என்று முதுகை வில்லாக வளைத்துக் கட்டைவிரலை எட்டுகிறவர்களைவிட, காலை மடக்கி முதுகை நீளமாக வைத்துப் பாதி தூரம் குனிகிறவர்தான் ஆசனத்தைச் சரியாகச் செய்கிறார். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்தைப் பற்றிச் சொன்னதே மிகக் குறைவு, அதில் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாதத்தைத் தொடு என்று எங்கும் இல்லை. விளையாடிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம், அவர்களுக்கு எல்லாவற்றிலும் கோல் போஸ்ட் வேண்டும். மூச்சு தடைப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது என்றால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு அங்குலம் திரும்பி வாருங்கள்.

பத்மாசனத்தில் உட்கார முடியாதவர் யோகா செய்ய முடியுமா?

முடியும். இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. கல்லூரியில் வாலிபால் ஆடிவிட்டு, இருபத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே அங்கே சொல்லிக்கொடுத்தவர் என் பாதத்தைப் பிடித்து எதிர்த் தொடைமேல் தூக்கி வைத்துவிட்டார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் மூன்று மாதம் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினேன்.

என்ன நடந்தது என்பது பின்னாலேதான் புரிந்தது. பத்மாசனத்தில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. இடுப்பு திரும்ப மறுத்தால் அந்தத் திருகல் மொத்தமும் முழங்காலுக்குப் போகிறது, முழங்காலோ கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளத்தான் ஏற்பட்டது. வலி முழங்காலில் வந்தால் அந்த நொடியே காலை இறக்குங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. சாதாரணமாகச் சம்மணமிட்டு, புட்டத்துக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உட்கார்ந்தால் மூச்சுப்பயிற்சிக்கு அதுவே தாராளம். உங்கள் உடம்பைக் கேட்காமல் தொட்டு வளைக்கிற ஆசிரியரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள்.

சிரசாசனம்?

என் வகுப்பில் கிடையாது. கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்கப் பிறந்ததில்லை. கண்ணில் நீர் அழுத்தம், அதாவது க்ளாக்கோமா இருப்பவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் தலைகீழாக நிற்கவே கூடாது. சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுங்கள்.

சூரிய நமஸ்காரம் 108 செய்தால்தான் பலனா?

பன்னிரண்டு நிலைகள் கொண்ட ஒரு சுற்றை நிதானமாக, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு என்று ஆறு சுற்று செய்தாலே முதல் மாதத்துக்குப் போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஒரு தேகப்பயிற்சியாக ஊர் ஊராகப் பரப்பியவர் மகாராஷ்டிரத்தில் அவுந்த் சமஸ்தானத்து ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி. பள்ளிப் பிள்ளைகள் முதல் எல்லோரும் தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் பிடிவாதம். வருஷத்துக்கு ஒரு நாள் 108 செய்து, படம் எடுத்துப் போட்டு, மறுநாள் கை தூக்க முடியாமல் கிடப்பது வேறு சமாச்சாரம். மணிக்கட்டு வலிக்கிறவர்கள் கையைத் தரையில் ஊன்றுவதற்குப் பதில் நாற்காலியில் ஊன்றிச் செய்யலாம்.

மூச்சுப்பயிற்சியில் எது முதலில்?

வெளிமூச்சை நீட்டுவது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். அது பழகியதும் நாடிசுத்தி, அதாவது மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூடி மூச்சு விடுவது. மூச்சை உள்ளே அடக்குவதெல்லாம் பின்னால், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. வயிற்றைச் சட்டென்று உள்ளிழுத்து மூச்சைத் தள்ளுகிற கபாலபாதியைப் பார்த்த உடனே எல்லோருக்கும் ஆசை வருகிறது, தொப்பை கரையும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் அதன் பக்கம் போக வேண்டாம்.

குழந்தைகளை எந்த வயதில் சேர்க்கலாம்?

வகுப்பு என்று சேர்ப்பதானால் ஏழு, எட்டு வயதில் பார்க்கலாம். அதற்கு முன் வீட்டில் விளையாட்டாக, பாம்பு மாதிரி, பூனை மாதிரி, மரம் மாதிரி, தவளை மாதிரி என்று ஆடினால் போதும். “கண்ணை மூடி அசையாமல் உட்கார்” என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வது தண்டனை. ஐந்திலிருந்து பதினேழு வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடுகிற நேரம் வேண்டும் என்பது அதே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த அறுபது நிமிடத்தைத் தெருவில் கில்லியும் கிரிக்கெட்டும் ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டன. இப்போது ஸ்கூல் வேனில் இறங்கி நேராக டியூஷனுக்குப் போகிறார்கள். டியூஷனில் ஒரு நாளைக் குறைத்துவிட்டு விளையாட விடுங்கள், யோகா அப்புறம்.

குடும்பமாகச் செய்ய ஆசை. நேரமே இல்லையே?

இந்தக் கேள்வியை எப்போதும் அப்பாக்கள்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ‘குடும்ப யோகா’ என்று ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். கூட்டம் நன்றாகவே வந்தது. அப்பா, மகன், மகள், எப்போதாவது ஒரு தாத்தா. நான் பெருமையாக வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “அதுல அம்மா எத்தனை பேரு?” எண்ணிப் பார்த்தேன். பதினாறு குடும்பத்தில் மூன்று அம்மாக்கள். “அப்போ அது அப்பா பிள்ளை யோகாங்க” என்றார். வகுப்பு முடிந்து பசியோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கே யாரோ ஒருவர் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா, அந்த யாரோ ஒருவரால் எப்படி என் மாடிக்கு வர முடியும்? என் வீட்டிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை.

வகுப்பைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாற்றினேன். கூடவே ஒரு நிபந்தனை: அன்றைக்கு இரவுச் சாப்பாடு முன்னாலேயே யோசித்த ஒன்றாக, எல்லோரும் சேர்ந்து செய்கிற ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊருக்கு அரிசியும்பருப்பும் சாதம் இருக்கவே இருக்கிறது, ஒரு குக்கர், பத்து வயதுப் பையன் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துவிடுவான், அப்பளம் சுட அப்பாவுக்குத் தெரியும். அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல்.

அதனால் காலையில் இருபது நிமிடம் கிடைக்கவில்லை என்று சொல்கிற வீடுகளில் நான் முதலில் கேட்பது அலாரம் எத்தனை மணிக்கு என்று அல்ல. டிபன் பாக்ஸ் யார் கட்டுகிறார்கள், யூனிஃபார்ம் யார் தேய்க்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை யார் நிரப்புகிறார்கள். இந்த மூன்றில் ஒன்று கைமாறினால் இருபது நிமிடம் கிடைக்கும். முந்தின இரவே காய் நறுக்கி வைத்துவிட்டால் இன்னும் பத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் வரிசையாக நின்றுதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் செய்யும்போது இன்னொருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்து செய்வதுதான்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். கீழே உட்கார முடியாது.

நாற்காலி போதும், சக்கரம் இல்லாத, ஆடாத நாற்காலி. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு முக்கியமானது வளைவதைவிடச் சமநிலை. பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்குப் பின் அவர்கள் நடமாட்டமே மாறிவிடும். வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. என் அம்மா குக்கர் விசில் வரும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார், மூன்று விசிலுக்குக் காலை மாற்றி மாற்றி.

மாதவிலக்கு நாட்களில் செய்யலாமா? கர்ப்பமாக இருக்கும்போது?

மாதவிலக்கின்போது செய்யக் கூடாது என்று மருத்துவத் தடை எதுவும் இல்லை. சோர்வாக இருந்தால் படுத்திருங்கள், முடிந்தால் பாலாசனம் (மண்டியிட்டு முன்னால் குனிந்து படுப்பது), பத்தகோணாசனம் (உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் சேர்த்து முழங்காலை விரிப்பது) மாதிரி மெதுவானவை இடுப்புவலிக்கு இதமாக இருக்கும். தலைகீழ் ஆசனங்களை அந்த நாட்களில் தவிர்ப்பது மரபு, அது உங்கள் விருப்பம். கர்ப்பம் என்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பிறகு கர்ப்பகால யோகா தெரிந்தவரிடம் போங்கள், என்னைப் போன்ற பொது வகுப்புக்கு வேண்டாம். வயிற்றை நசுக்குகிற முறுக்கு, குப்புறப் படுப்பது, பிந்தைய மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து கிடப்பது, இவை எல்லாம் கூடாது.

என்ன பாய் வாங்குவது?

வழுக்காத ரப்பர் பாய், ஆறு மில்லிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. மொசைக் தரையில் பவானி ஜமுக்காளத்தை விரித்துச் செய்யலாம்தான், நின்று செய்கிற ஆசனத்தில் கால் சறுக்கும், இரண்டாக மடித்து உட்காரவும் படுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கோரைப்பாயும் அப்படியே. பட்டுப்போல் பாய் நெய்கிற பத்தமடையில்தான், ரிஷிகேஷில் ஆசிரமம் அமைத்து யோகாவைப் பரப்பிய சிவானந்தர் 1887-இல் பிறந்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், பாய்க்கும் யோகாவுக்கும் அப்போதே முடிச்சு.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் ஃபேஷனாக்கியது, இல்லையா?

அங்கே கொண்டுபோனவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். கோவை செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்து, அந்த சிவானந்தரிடமே தீட்சை பெற்ற சுவாமி சச்சிதானந்தர்தான் 1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைத் திருவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசினார். லட்சக்கணக்கான இளைஞர்கள் சேற்றில் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. தமிழில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமே யோகத்தைப் பற்றியதுதான்.

எப்போது சாப்பிடுவது? காபி குடித்துவிட்டு வரலாமா?

முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம், இட்லி அளவுக்கு என்றால் இரண்டு மணி நேரம். காலையில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், காபி இல்லாமல் எரிச்சலோடு நிற்கிறவரைவிட அது மேல். ராகி, கீரை சாப்பிடும்போது கூடவே காபி, டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், எலுமிச்சை பிழிந்துகொண்டால் சேர்வது கூடும்.

ஓடுகிறேன், ஜிம்முக்கும் போகிறேன். புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

முதலில் தட்டைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது. அறுபது கிலோ இருப்பவருக்கு ஐம்பது கிராம். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இன்னும் கூட வேண்டும். நம் மதியச் சாப்பாட்டில் சோறு மலையாகவும் பருப்பு குழம்பில் கரைந்துபோயும் இருப்பதால் அந்த ஐம்பதே பல வீட்டில் எட்டுவதில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், கொள்ளுப் பருப்பு, மீன் என்று வேளைக்கு ஒன்றாகச் சேர்த்தால் டப்பா வாங்காமலே சமாளிக்கலாம். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்குக் களி பிடிக்கவில்லையா, தோசையாக ஊற்றிக் கொடுங்கள், கூட வெல்லம் கொஞ்சம் இருந்தால் கேள்வியே கேட்கமாட்டார்கள்.

இரவு ஒன்பதரைக்குத் தள்ளுவண்டிக் காளானும் பரோட்டாவும் தின்றுவிட்டுக் காலை ஐந்தரைக்கு வந்து “வயிறு மந்தமா இருக்குங்க” என்கிறவர்களுக்கு என்னிடம் ஆசனம் இல்லை. மாதத்தில் இரண்டு நாள் நானும் தின்பேன். அடுத்த நாள் வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து.

யோகா செய்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. நீங்களாக நிறுத்தவே கூடாது. உடற்பயிற்சியால் சர்க்கரை குறைந்தால் அது பரிசோதனையில் தெரியும், டாக்டர் அளவைக் குறைப்பார். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், ஒரு மிட்டாய் பையில் இருக்கட்டும். எடை குறையுமா என்றும் கூடவே கேட்பீர்கள். யோகாவால் மட்டும் பெரிதாகக் குறையாது.

தூக்கம்?

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பதுக்குக் குறையாமல். இரவு பதினொன்றரைவரை போன் பார்த்துவிட்டு நாலரை மணிக்குப் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து யோகா செய்வதைவிட, ஆறரை மணிவரை தூங்கிவிட்டு மாலையில் செய்யலாம். எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு எல்லாப் போனும் ஹாலில் சார்ஜில் போகும். முதலில் ஒப்புக்கொள்ளாமல் அடம்பிடித்தது மகள் இல்லை, நான்.

நடுவில் விட்டுவிட்டேன், ஆறு மாதம் ஆயிற்று. மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

முதல் நாளிலிருந்து. விட்ட இடத்திலிருந்து என்று போய்த் தசையைப் பிடித்துக்கொண்டவர்கள் நிறைய. தாடாசனம் (நேராக நிமிர்ந்து நிற்பது), சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது), உட்கார்ந்தபடி ஒரு முறுக்கு, ஐந்து நிமிட மூச்சு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதை இரண்டு வாரம் செய்த பிறகு மேலே போகலாம். சந்தா பாக்கி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு வராமல் இருக்காதீர்கள்.

கடைசியில் மல்லாந்து படுக்கிற சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன். தப்பா?

தப்பில்லை, அன்றைக்கு உடம்புக்கு அதுதான் வேண்டியிருந்தது. குறட்டை விட்டால் மட்டும் பக்கத்துப் பாய்க்காரர் உங்கள் காலை லேசாக ஆட்டிவிட எல்லோருக்கும் அனுமதி உண்டு.